நெற்றியில் பற்று போட்டுக்கொள்வது எப்படி?

எனக்கு ஒற்றைத் தலைவலி வரத் தொடங்கி 26 வருடங்கள் ஆகின்றன. இந்த 26 வருடங்களில் பாளையங்கோட்டை நாட்டு மருந்துக் கடைகளின் சரக்கில் பாதி என் நெற்றியில் ஏறி இறங்கியிருக்கிறது. சுக்கு, மிளகு, மஞ்சள், கிராம்பு எல்லாம் ஆயிற்று. புளியை மட்டும் யாரும் பூசவில்லை. பூசியிருந்தால் என் நெற்றியைக் கழுவிய தண்ணீரைக் கொதிக்க வைத்தே ரசம் இறக்கியிருக்கலாம்.

எங்கள் ஊரில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே சேர்ந்து ஐந்தரை வருடம் படித்தால்தான் வைத்தியர். எங்கள் தெருவிலோ தலை நரைத்தால் போதும். அந்தத் தெரு வைத்தியர்கள் அத்தனை பேருக்கும் நெற்றியைக் காட்டியவள் என்பதுதான் இந்த வழிகாட்டியை எழுத எனக்குள்ள ஒரே தகுதி. புதிதாகத் தலைவலி வாங்கியவர்கள் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளவும்.

தேவையான பொருள்கள்

நெற்றி – 1
சுக்கு – விரல் நீளத் துண்டு
உரைகல் – 1 (சந்தனம் உரைக்கிற கல்லை எடுத்தால் திட்டு விழும், திட்டு, தலைவலியைக் கூட்டும்)
விரலி மஞ்சள் – 2
நொச்சி இலை – இரண்டு பிடி
கம்பளி – 1
நைந்த பருத்தித் துண்டு – 1
தைலக் குப்பிகள் – வீட்டிலுள்ள அத்தனையும். மூடி தொலைந்தவை உட்பட
உறவினர் – குறைந்தது நால்வர். நால்வருக்கும் நான்கு கருத்து இருக்க வேண்டும்
பொறுமை – தேவையான அளவு

முதல் படி: வாய் திறவாதீர்கள்

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். வெட்டுக் காயத்துக்கு ரத்தம் சாட்சி. தலைவலிக்கு உங்கள் வாய் வார்த்தை ஒன்றுதான் சாட்சி. நம் வீடுகளில் அதற்கு மதிப்பெண் குறைவு. 'தலை வலிக்குது' என்று சொன்ன கணத்தில் விசாரணை தொடங்கிவிடும்.

"ஏட்டி, தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட நின்னியா?" இது ஆச்சி. அவள் தீர்ப்பு: நீர் கோத்திருக்கு.

"காலையில சாப்பிடாம காப்பியாக் குடிச்சா பித்தம் ஏறத்தான் செய்யும்." இது பெரியப்பா.

"ராத்திரி பூரா போனைப் பாத்துட்டு இருந்தா வேற என்ன வரும்?" இது மதினி. மதினி சொல்லும்போதும் அவள் கையில் போன் இருக்கும்.

எதிர்வீட்டு அத்தைக்கு மட்டும் காரணமே வேண்டியதில்லை. போன வாரம் கல்யாண வீட்டுக்குப் பச்சைப் பட்டு உடுத்திப் போனேன் அல்லவா, கண்ணு பட்டுவிட்டது.

நீர், பித்தம், போன், திருஷ்டி. இந்த நாலுக்குள் அடங்காத தலைவலி தாமிரபரணிக் கரையில் இன்னும் யாருக்கும் வந்ததில்லை.

சித்த வைத்திய மரபில் ஒரு கதை சொல்வார்கள். தலைவலியால் துடித்த அரசன் ஒருவனின் கபாலத்தை அகத்தியர் திறந்து பார்க்கிறார். உள்ளே ஒரு தேரை மூளையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பிடித்து இழுத்தால் மூளை பிய்ந்துவிடும். அருகில் நின்ற சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து அளைந்து காட்ட, சத்தம் கேட்டுத் தேரை அதற்குள் குதிக்கிறது. அந்தச் சீடருக்குத் தேரையர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கதையைக் கேட்பவர்கள் குருவையோ சீடரையோ வியப்பார்கள். எனக்கு அந்த அரசன் மேல்தான் பொறாமை. அவன் தலைக்குள்ளிருந்து ஒரு தேரை குதித்ததை நாலு பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாராவது அவனிடம், "தலைக்குக் குளிச்சியா?" என்று கேட்டிருப்பார்களா?

என் தலையை ஸ்கேன் எடுத்தபோது எதுவும் குதிக்கவில்லை. 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களின் ஸ்கேன் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்யத்தான் எடுப்பார்கள். வீட்டில் அந்தத் தாளை வேறு விதமாகப் படித்தார்கள். "பாத்தியா, ஒண்ணுமில்லையாம்!"

இரண்டாம் படி: எந்தத் தலைவலி என்று கண்டுபிடியுங்கள்

தலையைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்குவது போல இரண்டு பக்கமும் வலித்தால், அது பெரும்பாலும் இறுக்கத் தலைவலி. ஒரு பக்கத்துப் பொட்டில் நாடி துடிப்பது போல விண்விண்ணென்று தெறித்து, குமட்டி, வெளிச்சமும் சத்தமும் பகையாகி, படியேறினால் கூடினால், அது ஒற்றைத் தலைவலி. மருந்து எடுக்காமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நின்று ஆடும். சிலருக்கு வலி வருமுன் கண்முன்னே கோணல்மாணலாக ஒளிக்கோடுகள் ஓடும். இரண்டு பக்கமும் வலிக்கிற 'ஒற்றை'த் தலைவலியும் உண்டு. பெயரை நம்பி ஏமாற வேண்டாம்.

ஆனாலும் பெயரில் ஓர் அழகு இருக்கிறது. கிரேக்கர்கள் இதற்கு 'அரை மண்டை' என்று பெயர் வைத்தார்கள். மைக்ரேன் என்ற சொல் அதிலிருந்து தேய்ந்து வந்ததுதான். ஆயுர்வேதம் அர்த்தாவபேதகம் என்றது. அதிலும் பாதி இருக்கிறது. நாம் ஒற்றை என்றோம். ஒருவரையொருவர் கேட்காமலே எல்லாரும் தலையை இரண்டாக வகிர்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம்: மூளைக்கு வலி தெரியாது. வலிப்பது அதைப் போர்த்திய சவ்வும், அதில் ஓடும் ரத்தக் குழாய்களும், முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு கொண்டுவரும் நரம்பும். வீட்டுக்குள் இருப்பவர் சும்மா இருக்க, வாசல் கதவு கத்துகிற கதை.

ஆச்சியின் 'நீர் கோத்தல்' இப்போது 'சைனஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பிக்கொண்டிருந்த 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகள். ஒற்றைத் தலைவலி வந்தாலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும். ஆக, பாளையங்கோட்டையில் மட்டும்தான் தப்பாகச் சொல்கிறார்கள் என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: பற்று

இதுதான் இந்த வழிகாட்டியின் கருவறை. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்.

உரைகல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுக்கை வட்டமாகத் தேய்க்க வேண்டும். நோயாளியே தேய்க்கக் கூடாது. குனிந்தால் தலை தெறிக்கும். குழம்பு பதம் வந்ததும் வழித்து, லேசாகச் சூடு காட்டி, பொட்டுக்குப் பொட்டு பூச வேண்டும். முதல் நிமிடம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நிமிடம் நெற்றி இருக்குமிடம் தெரியும். ஐந்தாம் நிமிடம் நெற்றியைத் தவிர உடம்பில் வேறொன்றும் இருப்பதே தெரியாது. தோலின் எரிச்சல் உள்வலியைக் கொஞ்ச நேரம் பின்னுக்குத் தள்ளும் என்பதுதான் இதன் சூட்சுமம். வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கினால் வலி மறந்தே போகும். ஆனால் அது வைத்தியக் கணக்கில் சேராது.

காயக் காயப் பற்று தோலை இழுக்கும். இந்த நேரத்தில் சிரிக்கவோ புருவம் சுளிக்கவோ கூடாது. வெடித்துப் பொடி உதிர்ந்தால், "அதுக்குள்ள அழிச்சுட்டா" என்று அடுத்த பூச்சு ஏறும்.

சுக்கு ஒத்துவராதவர்களுக்கு மாற்று உண்டு. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்தால் குங்கும நிறத்தில் ஒரு பற்று. வாசலுக்கு வந்தால் கூரியர்காரர் பயந்து கையெழுத்து வாங்காமலே போவார். கிராம்பை அரைத்தால் ஒரு பற்று. பல் வைத்தியர் வாசனை அடிக்கும். சித்த மருந்துக் கடையில் நீர்க்கோவை மாத்திரை என்று கேட்டால் கொடுப்பார்கள். மாத்திரை என்ற பெயரைப் பார்த்து என் சித்தப்பா ஒரு முறை விழுங்கப் போனார். அதுவும் இழைத்துப் பூசுவதற்கானதுதான்.

இஞ்சி வம்சத்தை நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். 2014இல் ஈரானில் 100 ஒற்றைத் தலைவலிக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வலி வந்தவுடன் பாதிப் பேருக்கு இஞ்சிப் பொடியும், பாதிப் பேருக்குச் சுமாட்ரிப்டான் என்ற மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கேட்டது. பிறகு பிரேசிலில், வலி வராமல் தடுக்குமா என்று தினமும் இஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள்; அது பலிக்கவில்லை. ஒற்றைத் தலைவலி விஷயத்தில் ஆச்சிக்குப் பாதி வெற்றி கிடைத்ததும் பொருத்தம்தான். ஆனால் அவர்கள் இஞ்சியை உள்ளுக்குக் கொடுத்தார்கள். நெற்றிக்குப் பூசவில்லை.

அப்படியானால் பற்று எதற்கு? பல வருடம் பூசிய பிறகுதான் எனக்கு விளங்கியது. பற்று போட்ட பெண்ணிடம் யாரும் தோசைக் கல்லை அடுப்பில் வைக்கச் சொல்வதில்லை. வந்த விருந்தாளியும் குரலைத் தாழ்த்துகிறார். வாயால் சொன்னபோது எடுபடாத தலைவலி, நெற்றியில் மஞ்சளாகவோ சாம்பலாகவோ ஏறியவுடன் எடுபடுகிறது. பற்று மருந்து அல்ல. நெற்றியில் எழுதி ஒட்டிய விடுப்பு விண்ணப்பம். அரசனுக்குத் தேரை, நமக்குச் சுக்கு.

நான்காம் படி: தைலம்

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கினார். ஆரம்பக் காலத்தில் இசைக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்தார் என்பார்கள். எந்தப் பாடகரின் கச்சேரி என்பதை நாகரிகம் கருதிச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் போலும். 1914இல் தொழில் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் அவர் பெயரில் இன்றும் ஒரு பூங்கா இருக்கிறது. மர நிழலில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார இடம் கிடைப்பதும் தலைவலிக்கு ஒரு வைத்தியம்தான்.

சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் கோடாலித் தைலம் வரும். ரங்கூனில் பிறந்து சிங்கப்பூருக்குக் குடிபோன டைகர் பாமும் வரும். தங்கம் கொண்டுவராத மாமாவை மன்னிப்பார்கள். தைலம் கொண்டுவராத மாமாவுக்கு அடுத்த முறை காப்பி கிடையாது.

தைலத்தில் மெந்தால் இருக்கிறது. பூசியதும் சில்லென்று இருக்கும், ஆனால் தோல் குளிர்வதில்லை. குளிரை உணர்வதற்கென்று நரம்பில் இருக்கும் வாங்கியை மெந்தால் போய்த் தட்டுகிறது; அது ஏமாந்துபோய் 'குளிருது' என்று மூளைக்குத் தந்தி அடிக்கிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வாங்கிகளைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தக் குளிர் வாங்கியைக் கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தியது இதே மெந்தாலைத்தான். 1996இல் ஜெர்மனியில் இறுக்கத் தலைவலிக்காரர்களின் நெற்றியில் 10 விழுக்காடு பெப்பர்மின்ட் எண்ணெய் கலந்த திரவத்தைப் பூசிப் பார்த்தபோது, அது 1,000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்குச் சமமாகக் கேட்டது. ஆகவே தைலத்தை வெறும் வாசனை என்று தள்ள முடியாது.

சிக்கல் வாசனையில்தான். ஒற்றைத் தலைவலிக்காரருக்கு அந்த நேரத்தில் எந்த வாசனையும் ஆகாது. உங்கள் தலைவலிக்கு நீங்கள் பூசாவிட்டாலும், திருநெல்வேலியிலிருந்து மதுரை போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அவர் தலைவலிக்குப் பூசுவார். திருநெல்வேலியில் ஏறியவரின் தலைவலி கோவில்பட்டியில் உங்கள் தலைவலியாகும்.

இங்கே கேலியை ஒரு நிமிடம் ஓரம் வைக்கிறேன். கற்பூரமோ யூகலிப்டஸ் எண்ணெயோ உள்ளே போனால் வலிப்பு வரலாம். குழந்தைக்கு மூக்கில் தடவுவது, வெந்நீரில் கலந்து குடிக்கக் கொடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். குப்பியைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

ஐந்தாம் படி: வேது பிடித்தல்

பெரிய பாத்திரத்தில் தண்ணீர், நொச்சி, மஞ்சள். ஆச்சி காலத்தில் செங்கல் துண்டைப் பழுக்கக் காய்ச்சி அதற்குள் போடுவார்கள்; 'சொர்ர்' என்று ஒரு சத்தம் வரும், அதிலேயே பாதி சளி பயந்து ஓடும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஆவியை முகத்தில் வாங்க வேண்டும்.

மூக்கடைப்புக்கும் சளிக்கும் இது சுகம். ஒற்றைத் தலைவலிக்கு அந்தப் புழுக்கம் பலருக்குக் கூட்டவே செய்யும். அவர்களுக்கு ஈரத் துணியோ ஐஸ் ஒத்தடமோ இதம். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்தவர்களும் உண்டு. அதனால் பாத்திரத்தை மடியில் வைக்காமல் தரையில், சுவரோரமாக வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இத்தனையும் தெரிந்தும் நான் பல வருடம் வேது பிடித்தேன். கம்பளிக்குள் பத்து நிமிடம் இருட்டாக இருந்தது. யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் அது ஒன்றுதான்.

ஆறாம் படி: புகையும் குளியலும்

விரலி மஞ்சளின் நுனியை நல்லெண்ணெய் விளக்கில் சுட்டு அந்தப் புகையை மூக்கால் இழுக்க வேண்டும். மிளகை ஊசியில் குத்திச் சுட்டும் இழுக்கலாம். இழுத்தால் இருமல், தும்மல், கண்ணீர் மூன்றும் வரும். மூன்றும் நின்றதும் கிடைக்கிற நிம்மதியைத் தலைவலி போன நிம்மதி என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு குளியல். 'சூட்டைக் குறைக்க' தலை நனைய எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, குளித்து வந்ததும் சாம்பிராணி போடுவார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2006இல் மும்பையைச் சேர்ந்த ஒரு தலைவலி நிபுணர், தலைக்குக் குளித்தாலே ஒற்றைத் தலைவலி வருகிற 94 நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். மேற்கத்திய நூல்களின் பட்டியலில் அதிகம் பேசப்படாத தூண்டுகோல் அது. நீண்ட கூந்தலை அலசி ஈரத்தோடு முடிகிற நாட்டில் இருந்துகொண்டு பார்த்தால்தான் அது கண்ணில் படும்.

படித்ததும் ஆச்சியின் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். "தலைக்குக் குளிச்சியா?" என்ற கேள்வி அத்தனை அசட்டுக் கேள்வியல்ல. ஈரம் போவதற்கு அவள் போட்ட சாம்பிராணிப் புகைதான் அடுத்த தலைவலியைக் கூப்பிட்டது என்பது வேறு விஷயம்.

ஏழாம் படி: காப்பியும் அட்டை மாத்திரையும்

தலைவலிக்குச் சூடாக ஒரு காப்பி என்பது தமிழர் கண்ட ஒப்பற்ற மருந்து. காப்பியிலுள்ள கஃபீன் வலி மாத்திரையின் வேகத்தைக் கூட்டும். சில தலைவலி மாத்திரைகளில் அதையே கலந்தும் விற்கிறார்கள். ஆனால் தினம் நாலு டம்ளர் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஏகாதசி விரதத்தன்று தலை பிளப்பது பக்திக் குறைவால் அல்ல. பட்டினியும் காப்பியில்லாததும் கைகோத்துச் செய்கிற வேலை.

அடுத்து மூலைக் கடை அட்டை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளோ அதற்கு மேலோ கலவை மாத்திரை என்று மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை நம் ஊர்ப் பழமொழி. மருத்துவர்கள் அதற்கு மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"அதுக்குத்தான் மூலிகை. பக்கவிளைவே கிடையாது" என்பார் பெரியப்பா. பட்டர்பர் என்று ஐரோப்பாவில் ஒரு மூலிகை. ஒற்றைத் தலைவலியைத் தடுக்க அது உதவும் என்று அமெரிக்க நரம்பியல் அகாதமி 2012இல் பரிந்துரைத்தது. கல்லீரலைக் கெடுக்கலாம் என்ற கவலை எழுந்ததும் 2015இல் அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. வேலை செய்கிற மூலிகை எதுவானாலும் அதற்குள் இருப்பது மருந்துதான். பக்கவிளைவே இல்லாத மூலிகை என்றால் விளைவும் இல்லையோ என்று சந்தேகப்படலாம். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் தருகிற பொடியைத் தொடவே வேண்டாம்.

எட்டாம் படி: திருஷ்டி

உப்பு, வரமிளகாய், தெருமண் மூன்றையும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். மிளகாய் கமறினால் திருஷ்டி இல்லை, கமறாவிட்டால் திருஷ்டி. ஒற்றைத் தலைவலிக்காரர் மிளகாய் கமறக் கூடாது என்று வேண்டிக்கொள்வதற்குக் காரணம் வேறு. இந்தப் படியைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எதிர்வீட்டு அத்தை வருத்தப்படுவார்.

எந்தப் படியையும் பார்க்காமல் ஓட வேண்டிய நேரம்

இடி விழுந்தது போல ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகிற தலைவலி. காய்ச்சலோடு கழுத்தும் விறைத்தால். ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால், வாய் குழறினால், பார்வை மங்கினால், நினைவு தடுமாறினால். தலையில் அடிபட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போனால். இவற்றில் எது வந்தாலும் சுக்கைத் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். கர்ப்ப காலத்தில் கடும் தலைவலி வந்தாலும், 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசிப் படி: மருத்துவர்

எட்டுப் படிகளையும் பல முறை ஏறி இறங்கிய பிறகு, 31ஆவது வயதில், ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். துணைக்கு அம்மா வந்தாள். மருத்துவர் பற்று போடவில்லை, சுற்றிப் போடவில்லை. முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எந்த நாளில் வருகிறது, என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய், மாதவிலக்கோடு வருகிறதா என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். வலி வந்ததும் போடுவதற்கு ஒரு மாத்திரை, வராமல் தடுக்கத் தினமும் ஒன்று என்று எழுதினார். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே என்றார்.

நடுவில், "வீட்டுல வேற யாருக்காவது இருக்கா? இது குடும்பத்துல வர்றதுதான்" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லை டாக்டர்" என்றேன்.

பக்கத்தில் இருந்த அம்மா பையின் வாரைச் சரி செய்துகொண்டே, "எனக்கு இருக்கு" என்றாள். "உன்னைப் பெறதுக்கு முன்னாடியே."

பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் அவள் தலையில் நைந்த துண்டை இறுக்கிக் கட்டியிருப்பாள். அந்தத் துண்டோடுதான் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினாள். அந்தத் துண்டோடுதான் எனக்குச் சுக்கு உரைத்தாள். கட்டைக் கொல்லைப்புறத்தில் அவிழ்த்து, வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, மறுபடி கட்டிக்கொண்டு வந்து அப்பாவுக்குச் சோறு போட்டாள். அவள் நெற்றியில் பற்று பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. பற்று போட்டால் படுக்க வேண்டும். அவள் படுத்தால் அடுப்பு யார் பார்ப்பது?

"ஏம்மா சொல்லவே இல்லை?" என்று பேருந்தில் கேட்டேன்.

"தலவலிதானட்டி" என்றாள்.

உலகத்தில் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் நூறு கோடிக்கு மேல். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அவர்களில் எத்தனை பேர் தலையில் துண்டோடு நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று எந்தக் கணக்கிலும் வராது.

ஆகவே இந்த வழிகாட்டியின் பயனாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறையில் நின்றால், என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று கேட்க வேண்டாம். சுக்கையும் தேட வேண்டாம். அறையின் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, படுக்கச் சொல்லுங்கள். அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வலி தணிந்ததும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாம்பார் அன்றைக்குக் கொஞ்சம் உப்புக் கரிக்கும். அதற்கு வீட்டு வைத்தியம் உண்டு, ஓர் உருளைக்கிழங்கைப் போட்டால் போதும்.